மீள்சுழற்சியில் "கொன்டாமினேஷன்": மாசு, கலப்படம், கெடுகலப்பு

அன்பின் நண்பர்களுக்கு,

மீள்சுழற்சிக்குப் பிரித்து வைத்த பொருளில் வேறு ஏதாவது சேர்ந்து அது கெடுவதை ஆங்கிலத்தில் "கொன்டாமினேஷன்" (contamination) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் உரையாடலில் இதுவரை வந்தவை: மாசு, கலப்படம், தொற்று, அசுத்தம், பிறபொருட் கலப்பு. இலங்கை மலையகத்தில் ஒரு நகர சபையின் திண்மக் கழிவுப் பிரிவில் வேலை செய்பவள் நான். எனக்கு இது அவசரமாகத் தேவைப்படும் சொல். நான் முன்வைப்பது "கெடுகலப்பு". காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். தாள் என்று எடுத்துவந்த சாக்கில் யோகட் கப் கிடக்கும். கொத்துரொட்டி கட்டிய எண்ணெய்த் தாள் கிடக்கும். இரண்டும் இல்லாமல் நல்ல தாளாகவே இருந்து, மழையில் ஊறிப் பூசணம் பிடித்திருக்கும். இந்த மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்கிறது. மீள்சுழற்சிக்கு வாங்குபவர் மூன்றையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்புகிறார். ஆனால் செய்ய வேண்டிய வேலை மூன்றுக்கும் வேறு. முதலாவதுக்கு எது எங்கே போக வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். இரண்டாவதுக்கு எண்ணெய் பட்டதை எடுக்க மாட்டோம் என்று சொன்னால் போதும். மூன்றாவது பெரும்பாலும் சபையின் வேலை: மேற்குச் சரிவில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வருடக் கடைசி மழை. கூரையில்லாத ட்ரக்டர் பெட்டியில் தாளை ஏற்றிவிட்டு, வீட்டுக்காரர் நனைத்தார் என்று சொல்வது நியாயமில்லை. அதனால் பொதுச்சொல் ஒன்று வேண்டும், அதற்குள் வகைகளும் வேண்டும்.

இந்தக் கெடுதல் எவ்வளவு சிறிய அளவிலும் வேலையைக் காட்டும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர்ப் போத்தலை உருக்கும் வெப்பத்தில், குழாய் செய்யும் பிவிசி (PVC) பிளாஸ்டிக் தாங்காது. அது சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலம் வெளிவிடும், பெட் மஞ்சளாகிப் பலம் இழக்கும். ஒரு சில பிவிசி துண்டுகளே போதும். கண்ணாடியிலும் அப்படித்தான், உடைந்த பீங்கான் கோப்பை ஒன்று சேர்ந்தால் சூளையில் உருகாமல் கல்லாக நின்றுவிடும். 2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவு மீது கட்டுப்பாடு கொண்டுவந்து, பல வகைகளுக்கு 0.5 வீதத்துக்கு மேல் வேறு பொருள் இருக்கக் கூடாது என்றதும், உலகம் முழுக்க நகர நிர்வாகங்கள் தங்கள் தொட்டிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தன. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தெருத்தெருவாகப் போய், தவறான பொருள் உள்ள தொட்டியின் கைப்பிடியில் ஒரு சீட்டு மாட்டிவிட்டு வருகிறார்கள். எங்கள் சபையிலும் அதுபோல ஒரு அட்டையைத் தயாரிக்கிறோம். என் அவசரம் அதனால்தான்.

இனி வந்த சொற்கள்.

"மாசு" ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். சூழல் மாசு, வளி மாசு, நீர் மாசு என்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். கண்டியில் கொஹாகொடை மேட்டிலிருந்து வடியும் கழிவுநீர் மகாவலியைக் கெடுப்பது மாசு. தாள் சாக்கில் யோகட் கப் கிடப்பதையும் மாசு என்று எழுதினால், சபை அறிக்கையில் "மாசு வீதம்" என்பது ஆற்றைப் பற்றியதா சாக்கைப் பற்றியதா என்று உறுப்பினர்கள் குழம்புவார்கள்.

"கலப்படம்" என்ற சொல்லுக்குள் ஏமாற்றும் எண்ணம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தோடு சேர்ந்து பழகிய சொல் அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் வந்தால் நினைவுக்கு வரும் சொல். தெரியாமல் தவறான சாக்கில் போட்ட அம்மாவின் வாசலில் அதை எழுதி மாட்ட எனக்கு மனம் வராது. "தொற்று" நோய்க்குப் போய்விட்டது, 2020க்குப் பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது.

"அசுத்தம்" என்பதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். மலையக நகரங்களில் இந்தச் சாக்குகளைக் கையால் பிரிக்கும் சுகாதாரத் தொழிலாளர்களை, அவர்களுடைய வேலையை வைத்தே, தலைமுறையாக அசுத்தம் என்று ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் நிரப்பும் பதிவேட்டில் அந்தச் சொல் ஒரு நிரலின் தலைப்பாக வரக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐயா ஒருவர் எழுதிய "பிறபொருட் கலப்பு" நல்ல சொல். ஆனால் அது முதலாவது வகைக்கு மட்டும்தான் பொருந்தும். எண்ணெய்த் தாளும் தாள்தான், நனைந்த தாளும் தாள்தான். அதை உள்வகைப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இன்னொருவர் வெறும் "கலப்பு" போதுமே என்றார். அப்புறம் "கலப்புக் கழிவு" என்று பிரிக்காத குப்பையைச் சொல்கிறோமே, அதோடு மோதும்.

"கெடுகலப்பு" வினைத்தொகை. கெட்ட, கெடுகின்ற, கெடும் கலப்பு என்று மூன்று காலத்துக்கும் விரியும். தண்ணீரும் எண்ணெயும் கப்பும் எல்லாம் உள்ளே வந்து சேர்ந்தவை, சேர்ந்ததால் சரக்கு கெட்டது. இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. யார் செய்தது என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. கூட்டுச் சொல்லாகவும் நன்றாக வருகிறது: கெடுகலப்பு வீதம், கெடுகலப்புச் சோதனை, கெடுகலப்பால் கழித்த நிறை. உள்வகைகளுக்குப் பிறபொருட் கலப்பு, எச்சப்பிடிப்பு (எண்ணெய் போன்றது ஒட்டியிருப்பது), நனைவு என்று எழுதலாம்.

எனக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. தொழிலாளர்கள் பேசும்போது "சாக்கு கலந்து கெட்டுப்போச்சு" என்றுதான் சொல்கிறார்கள். அறிக்கையின் பெயர்ச்சொல் அந்தப் பேச்சின் வினையிலிருந்தே முளைத்திருந்தால், ட்ரக்டரில் நிற்பவரும் கணக்கு எழுதுபவரும் சபையில் பேசுபவரும் ஒரே சொல்லில் நிற்பார்கள். தோட்டங்களை நினைத்தால் இது இன்னும் முக்கியம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, சபை தன் பணத்தைச் செலவழிப்பது நீண்ட காலம் தடைப்பட்டுக் கிடந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைச் சபைகள் இனிமேல் லயங்களில் குப்பை பிரிப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது, "மாசாக்கம்" என்று ஒரு சொல்லோடு போய் நின்றால் யார் கேட்பார்கள்? தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் முத்தல் இலை கலந்திருந்தால் நிறையில் கழிப்பதை அறிந்தவர்களுக்குக் கெடுகலப்பை விளக்க ஒரு நிமிடம் போதும்.

அட்டையில் இப்படி எழுத நினைக்கிறேன்: "உங்கள் தாள் சாக்கில் எண்ணெய் பட்ட தாள் கலந்து கெட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு அடுத்த முறை வையுங்கள்." அதன் கீழே மூன்று சிறு படங்கள், எதுவோ அதில் தொழிலாளி கோடு போடுவார். கலைச்சொல் அங்கே வராது. பதிவேட்டிலும் மாத அறிக்கையிலும் வரும். தாளுக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு என்ற நிறங்களை அட்டையின் ஓரத்தில் போடுகிறோம், அதனால் எழுத வாசிக்கச் சிரமப்படுபவருக்கும் எந்தச் சாக்கு என்று தெரியும்.

சென்னை நண்பர்கள் "மக்கும்" என்பதை நாங்கள் "உக்கும்" என்கிறோம், "மேலாண்மை" எங்களுக்கு "முகாமைத்துவம்". இரண்டும் அருகருகே வாழட்டும். கெடுகலப்பை மட்டும் இரு கரையிலும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று: உரத்தில் சேரும் கண்ணாடித் துண்டும் பொலித்தீன் கிழிசலும். நுவரெலியாவில் லீக்ஸ், கரட் போடும் விவசாயி சபையின் கூட்டெருவை வாங்கத் தயங்குவது பெரும்பாலும் அதனால்தான். அங்கே கண்ணாடி எருவைக் கெடுப்பதில்லை, கையை வெட்டுகிறது. அதையும் கெடுகலப்பு என்று சொல்லலாமா, இல்லை தனிச்சொல் வேண்டுமா? மாற்றுச்சொல் தருபவர்கள் தயவுசெய்து அதை ஒரு பதிவேட்டுத் தலைப்பிலும், ஒரு தொழிலாளி இன்னொருவரிடம் சொல்லும் வாக்கியத்திலும் வைத்துக் காட்டுங்கள்.