பினாங்கிலிருந்து வந்த ஸ்பானிய வெள்ளி டாலர்: அசலா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். பூட்டனார் பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அவர் வழியாக வீட்டுக்கு வந்த ஒரு வெள்ளி நாணயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்கள் உதவி வேண்டும்.

ஒரு பக்கம் ஸ்பெயினின் நான்காம் கார்லோஸ் மன்னர் தலை, கீழே 1796. மறுபக்கம் கிரீடத்தோடு கேடயம், இரண்டு தூண்கள், எம் எழுத்தின் மேல் சின்ன ஓ. அதாவது மெக்சிகோ நகர அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்) முத்திரை. எட்டு ரியால் (அன்றைய ஸ்பானியப் பண அலகு) மதிப்புள்ள, ஸ்பானிய டாலர் என்று அழைக்கப்பட்ட இந்தக் காசுதான் அன்று பாதி உலகத்தின் பணம். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலில் மணிலா போய், அங்கிருந்து சீனாவுக்குப் பட்டுக்கும் பீங்கானுக்கும் விலையாகப் போனது. பினாங்குக் கடைத்தெருவிலும் இதுதான் ஓடியது. அமெரிக்காவில்கூட 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது!

எடை 26.4 கிராம். புதிதாக அடித்தபோது 27 கிராமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். தேய்மானத்தைக் கணக்கில் எடுத்தால் சரி என்றே படுகிறது. மன்னர் முகத்தில் நான்கைந்து சிறு முத்திரைக் குத்துகள் உள்ளன. வெள்ளியின் தரத்தைச் சோதித்த சீன வணிகர்கள் இப்படிக் குத்துவது வழக்கம். இவை எந்த எழுத்துகள் என்று சீனம் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரிய சந்தேகம் விளிம்பில்தான். வட்டமும் கட்டமும் மாறி மாறி வருகின்றன, ஆனால் ஒரே இடத்தில்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரிகிறது. அசலில் எதிரெதிராக இரண்டு இடங்களில் இருக்குமே? இன்னொன்று தேய்ந்து மறைந்திருக்குமா?

அப்புறம், சென்னையில் காசைச் சுரண்டாமல் வெள்ளித் தரம் பார்க்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். காசின் மேல் படிந்த கறுப்பை நான் துடைக்கவில்லை, துடைக்கவும் மாட்டேன். விற்கும் எண்ணமும் இல்லை. படங்களைக் கருத்துப் பகுதியில் போடுகிறேன்.