'கிராஷ்' என்பதற்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

கணிப்பொறி ஆசிரியை, தண்டையார்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணிப்பொறியின் பழுது பார்ப்பது பற்றி மாலை வகுப்புக்காக ஒரு கையேடு எழுதினேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கிராஷ்' என்பதற்குச் 'செயலிழப்பு' என்று போட்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "திரை அசையாமல் நின்றாலும் செயலிழப்பு, நீலத்திரை வந்து தானாக மறுபடி தொடங்கினாலும் செயலிழப்பு, பவர் சப்ளை எரிந்துபோனாலும் செயலிழப்பா, மிஸ்?" என்னிடம் பதில் இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் கற்பிப்பது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்:

அம்மா, வள்ளுவரிடம் இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' (475). மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும், அதாவது முறியும். ராம் என்னும் தற்காலிக நினைவகம் கொள்ளாத அளவுக்கு நிரல்களைத் திறந்தால் நடப்பதும் அதுதானே? இறு, இறுதி, இறவு, இறுவாய் எல்லாம் ஒரே குடும்பம். 'இறுவு' என்று வையுங்கள். இரண்டாயிரம் ஆண்டு வேர் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பழுதுபார்க்கும் கடைக்காரர், ராயபுரம்:

ஐயா, குறள் அருமை. ஆனால் ராம் போதாவிட்டால் பெரும்பாலும் கணிப்பொறி மந்தமாகும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது சூடு. விசிறியில் தூசி அடைத்து, கணக்கிடும் சில்லான பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே அணைந்துவிடும். அடுத்தது ராமின் தொடுமுனை. கடற்காற்றில் மங்கிப்போயிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றி, அழிப்பானால் மெல்லத் தேய்த்து மாட்டினால் பாதி வழக்குகள் முடிந்துவிடும். அதன் பிறகுதான் பாகங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஹார்ட் டிஸ்க்.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் 'இற்றுப்போனது' என்றால் துருப்பிடித்த தகரம், காயலான் கடைக்குத்தான் போகும். கணிப்பொறி அப்படியில்லை, மறுபடி எழுந்துவிடுகிறது. கடைக்கு வருகிற எல்லாரும் சொல்வது 'படுத்துவிட்டது'. படுத்தது எழும். இதைவிடப் பொருத்தம் ஏது?

மொழிபெயர்ப்பாளர், வியாசர்பாடி:

வினையாகச் சொல்லச் சரி. எனக்குப் பெயர்ச்சொல் வேண்டும். 'கிராஷ் அறிக்கை' என்பதைப் 'படுத்துவிட்டது அறிக்கை' என்றா எழுதுவது? 'நீலத்திரை' என்றே வைக்கலாம் என்று எனக்குத் தனியே எழுதிய அன்பருக்கும் ஒரு சொல்: 2025இல் விண்டோஸ் 11இல் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது. நிறத்தை நம்பிச் சொல் ஆக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்:

'படு' கொச்சையன்று. கடைக்காரத் தம்பி தம்மையறியாமல் பெரிய வேரைத் தொட்டுவிட்டார். படு முதனிலை நீண்டு 'பாடு' ஆகும். நம் கரை நெய்தல் நிலம். அதற்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்தல். எற்பாட்டை விடியல் என்று கொண்டாரும் உண்டு. காசிமேட்டில் நின்று பார்ப்பவனுக்கு ஞாயிறு கடலில் எழத்தான் செய்கிறது, படுவது மேற்கே ஊருக்குப் பின்னால். ஆகவே அவர்கள் கட்சியையும் தள்ளிவிட முடியாது. இதை விரிவாகத் தனியே எழுதுகிறேன். இப்போதைக்கு, பட்ட ஞாயிறு மறுநாள் எழுவதால் 'பாடு' பொருந்தும். 'இறுவு' கடினம் என்றால் 'பாடு'.

மொழிபெயர்ப்பாளர், வியாசர்பாடி:

ஐயா, புணர்ச்சியைப் பாருங்கள். காடு காட்டறிக்கை ஆவதுபோல் பாடு பாட்டறிக்கை ஆகும். படிப்பவர் பாட்டைப் பற்றிய அறிக்கை என்றுதான் கொள்வார். 'படாத பாடு' வேறு இருக்கிறது. நான் 'நிலைகுலைவு' என்கிறேன். இயங்குநிலை குலைகிறது, பின்னர் மீள்கிறது. அறிக்கையோடும் இடறாமல் சேரும்.

கணிப்பொறி ஆசிரியை, தண்டையார்பேட்டை:

நேற்று எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கேட்டேன். 'இறுவு' ஒருவருக்கும் புரியவில்லை. 'பாடு' என்றதும் வகுப்பு குழம்பியது. திரை நின்றுபோவதற்கு 'உறைவு', கிராஷுக்கு 'நிலைகுலைவு', பாகம் எரிந்தால் 'செயலிழப்பு' என்று பிரித்துவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கிராஷ்' பக்கத்தில் நிற்கும். 'படுத்துவிட்டது' என்பதை விளக்கப் பகுதியில் அப்படியே எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் வீட்டில் பேசும் சொல் அது. கையேடு அச்சகத்துக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்:

நிலை, குலைவு என்று இரண்டு சொல் சேர்ந்து செய்வதை இறுவு ஒன்றே செய்யும். என் தொகுப்பில் இறுவு என்றே இருக்கும். அடுத்த பதிப்புக்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா.