மாரிக்கு முன்னம் ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் எங்கள் ஒழுங்கைக்கும் வெள்ளம் வரும். 2018 மார்கழி வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. காற்றுக்குக் கரண்ட் போனால் எப்போது வருமென்று சொல்ல முடியாது.

விறகு, அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் உயரத்தில் ஏற்றியாயிற்று. காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீனில் சுற்றி மூடி வாளிக்குள் வைத்திருக்கிறேன். யோசனையெல்லாம் அம்மம்மாவின் இன்சுலின்தான். பாவிக்கத் தொடங்கிய குப்பி வெயில் படாத இடத்தில் நாலு கிழமை தாங்கும், ஐஸ் நேரே பட்டு உறைந்தால் பழுது என்று கிளினிக்கில் சொன்னார்கள். சரி, கரண்ட் இல்லாமல் பிரிட்ஜ் நின்றால் இன்னும் திறக்காத குப்பிகளை என்ன செய்வது? பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, இடையில் ஈரமணல் போட்டுப் பாவித்தவர்கள் இருக்கிறீர்களா? வெயில் காலத்தில் குளிரும், மாரி ஈரத்தில் குளிருமா என்பதுதான் என் பயம்.

கிணற்றுக்குக் கப்பியும் கயிறும் போட்டுவிட்டோம். வெள்ளம் கட்டுக்கு மேலால் போனால் இறைத்துக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது, அதற்கும் கான்களில் பிடித்து வைக்கிறோம்.

அப்புறம், பரந்தன், கண்டாவளைப் பக்கம் பாவித்த சோலார் தகடும் பற்றரியும் யாரிடமாவது விலைக்கு இருந்தால் சொல்லுங்கோ. ஒரு லைற்றும் போன் சார்ஜும் போதும்.