பட்டாளத்து வேலையா இது?

'குடியாத்தம் பெரிய வீடு' குழு
27 நவம்பர் 2025, வியாழன்

[காலை 6:04] வள்ளி அத்தை: கவிதா எங்கம்மா இருக்க? வாஷிங்டன்ல சுட்டுட்டாங்கன்னு டிவியில ஓடுது. வெள்ளை மாளிகைகிட்டயாம்

[காலை 6:05] வள்ளி அத்தை: மூணு வாட்டி போன் பண்ணிட்டேன்

[காலை 6:11] கவிதா: வீட்லதான் இருக்கேன் அத்தை. போன் சார்ஜ்ல கிடந்துச்சு. நாளைக்கு இங்க தேங்க்ஸ்கிவிங் லீவு, அதனால 12 மணிக்கே ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டேன்

[காலை 6:12] கவிதா: சுட்டது இங்க மத்தியானம் ரெண்டேகாலுக்கு. ஃபராகட் வெஸ்ட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல. தினமும் நான் ஏறி இறங்கற ஸ்டேஷன்

[காலை 6:12] வள்ளி அத்தை: முருகா

[காலை 6:15] செந்தில் மாமா: ரெண்டு சோல்ஜரும் அவுட்டுன்னு இங்க துபாய்ல நியூஸ் வந்துச்சே

[காலை 6:17] கவிதா: இல்ல மாமா. அவங்க மாநிலத்து கவர்னரே அப்படிப் போட்டுட்டு, கொஞ்ச நேரத்துல மாத்திக்கிட்டார். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில, நிலைமை மோசம். வெஸ்ட் வெர்ஜீனியாவில இருந்து வந்த நேஷனல் கார்டு

[காலை 6:31] சுபேதார் பெரியப்பா: நேஷனல் கார்டுன்னா இன்னா கண்ணு? நம்ம ஊர்க்காவல் படை மாதிரியா?

[காலை 6:34] கவிதா: லத்தி புடிக்கற ஆளுங்க இல்ல பெரியப்பா, முறையா டிரெய்னிங் எடுத்த பட்டாளம்தான். ஆனா முழு நேரம் கிடையாது. மாசத்துல ஒரு சனி ஞாயிறு, வருஷத்துல ரெண்டு வாரம். மத்த நாள் வாத்தியார், நர்ஸ், மெக்கானிக்குன்னு சொந்த வேலை. வெள்ளம், புயல்னா கவர்னர் கூப்பிடுவார்

[காலை 6:36] சுபேதார் பெரியப்பா: அப்போ நம்ம டெரிடோரியல் ஆர்மி மாதிரி. சரி. இவங்களை ஏன் ரயிலடியில நிறுத்தினாங்க?

[காலை 6:38] கவிதா: ஊர்ல குற்றம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு ஆகஸ்ட் 11 அன்னிக்கு டிரம்ப் அவசரநிலைன்னு அறிவிச்சார். நகரத்துப் போலீசை 30 நாளைக்குத் தன் கையில எடுத்துக்கிட்டார். கூடவே நேஷனல் கார்டு 800 பேர். அப்புறம் ஒஹாயோ, லூசியானா, மிசிசிப்பி, டென்னசின்னு அவர் கட்சி கவர்னருங்க ஆள் அனுப்ப, இப்ப 2,000க்கு மேல நிக்கறாங்க. வாஷிங்டனுக்கு கவர்னர் கிடையாது, அதனால இந்த ஊர் கார்டு நேரா ஜனாதிபதிக்குக் கீழ

[காலை 6:40] செந்தில் மாமா: நல்லதுதானே. 2023ல உன் கார் கண்ணாடியை உடைச்சுட்டாங்கன்னு இதே குரூப்ல அழுதியே மறந்துட்டியா

[காலை 6:44] கவிதா: மறக்கல மாமா. அந்த வருஷம் இங்க 274 கொலை. அடுத்த வருஷம் 187. இந்த வருஷம் அதுக்கும் கீழ வந்துட்டிருந்துச்சு. பட்டாளம் வந்தது 2025 ஆகஸ்ட்ல. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க

[காலை 6:45] செந்தில் மாமா: ஆகஸ்டுக்கு அப்புறமும் இறங்குச்சா இல்லையா? அதைச் சொல்லு

[காலை 6:49] கவிதா: இறங்குச்சு. ஆளை மிரட்டிக் காரைப் பிடுங்கறது முதல் 20 நாள்ல 87 சதவீதம் குறைஞ்சுதுன்னு மேயர் பவுசரே சொன்னாங்க. தெருவுல போலீஸ் தலை ஜாஸ்தியானதுக்கு அந்தம்மா நன்றி கூட சொன்னாங்க. ஆனா அதே பேட்டியில, வெளிமாநிலத்துப் பட்டாளத்தைக் கொண்டாந்து நிறுத்தினது உருப்படியான உபயோகம் இல்லைன்னும் சொன்னாங்க. அதை யாரும் பார்வர்டு பண்றதில்ல

[காலை 6:50] கவிதா: முதல் வாரம் ராத்திரி தனியா ஸ்டேஷன்ல இறங்கும்போது எனக்கும் ஒரு தெம்பா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்

[காலை 6:52] வள்ளி அத்தை: பின்ன இன்னா

[காலை 6:57] கவிதா: ஒரு மாசம் போனதும்தான் கவனிச்சேன் அத்தை. அவங்க நிக்கற இடமெல்லாம் டூரிஸ்ட் வர்ற இடம். நினைவுச்சின்னம், யூனியன் ஸ்டேஷன், மெட்ரோ வாசல். கொலை நடக்கறது பாதிக்கு மேல ஆத்துக்கு அந்தப் பக்கம், அனகோஸ்டியா தாண்டி. அங்க ஒரு ஃபிரெண்டு வீட்டுக்குப் போவேன், ஒருநாள் கூட ஒரு யூனிஃபார்ம் கண்ணுல படல

[காலை 6:58] கவிதா: [படம்]

[காலை 6:58] கவிதா: இது போன வாரம் ஆபீஸ் பக்கத்துப் பார்க்ல எடுத்தது

[காலை 7:03] சுபேதார் பெரியப்பா: இது இன்னா இவன் இலை வாருறான்?

[காலை 7:04] கவிதா: ஆமா. குப்பை பொறுக்கறாங்க, செடிக்கு மரத்தூள் கொட்டறாங்க. ஊரை அழகுபடுத்தற வேலையாம்

[காலை 7:04] அருண்: 😂😂

[காலை 7:05] சுபேதார் பெரியப்பா: சிரிக்காத அருண். நாங்களும் யூனிட்ல புல்லு புடுங்கியிருக்கோம், கல்லுக்கு வெள்ளை அடிச்சிருக்கோம். கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா அது எங்க முகாமுக்குள்ள. இடுப்புல துப்பாக்கியோட ஊரான் பார்க்ல இலை வாருறவனைப் பார்த்தா அவனுக்கு வேலை இல்லைன்னு தெரியுது. வேலை இல்லாம நிக்கறதுதான் சிப்பாய்க்குப் பெரிய ஆபத்து

[காலை 7:06] செந்தில் மாமா: அண்ணே, துப்பாக்கியோட நின்னா திருடன் பயப்படுவான்ல. அது போதாதா

[காலை 7:08] சுபேதார் பெரியப்பா: பயப்படுவான், அடுத்த தெருவுக்குப் போயிடுவான். திருடனைப் புடிக்க பீட் கான்ஸ்டபிள் வேணும்பா. எவன் மச்சான் எந்தக் கடையில நிக்கறான்னு அவனுக்குத்தான் தெரியும். ஒஹாயோ புள்ளைக்கு இன்னா தெரியும்? இவங்களுக்குக் கைது பண்ற அதிகாரம் இருக்கா கண்ணு?

[காலை 7:10] கவிதா: இல்ல. புடிச்சு வெச்சுக்கலாம், போலீஸ் வந்துதான் கைது பண்ணணும்

[காலை 7:12] அருண்: பெரியப்பா, 1878லயே அங்க சட்டம் இருக்கு. ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு வைக்கக் கூடாது. ஜூன்ல லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 4,000 கார்டும், மரைன்ஸ்னு சொல்ற முழு நேரப் பட்டாளத்துல 700 பேரும் அனுப்பினது அந்தச் சட்டத்தை மீறினதுன்னு செப்டம்பர்ல ஒரு ஜட்ஜ் தீர்ப்பு சொன்னார். வாஷிங்டன்ல நிறுத்தினதும் சட்டவிரோதம்னு போன வாரம்தான் இன்னொரு ஜட்ஜ் சொன்னாங்க. அப்பீலுக்கு டைம் குடுத்திருக்காங்க, அதனால இன்னும் நிக்கறாங்க

[காலை 7:15] கவிதா: பெரியப்பா ஒரு கேள்வி. டியூட்டியில பக்கத்துல இருக்கறவன் 'கவர் மீ'ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

[காலை 7:16] சுபேதார் பெரியப்பா: இதென்ன கேள்வி. சுடுவேன். அவன் போய்ச் சேர்ற வரைக்கும் எதிரி தலையைத் தூக்கக் கூடாது

[காலை 7:20] கவிதா: 1992 கலவரத்தப்போ லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல காம்ப்டன்ல இதேதான் நடந்துச்சு. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு போலீஸ் போறாங்க, துணைக்கு மரைன்ஸ். வீட்டுக்குள்ள இருந்து ஒருத்தன் சுட்டான். போலீஸ்காரர் 'கவர் மீ'ன்னு கத்தினார். போலீஸ் பாஷையில அதுக்கு அர்த்தம், துப்பாக்கியை நீட்டி வெச்சுக்கோ, தேவைப்பட்டா சுடுன்னு. மரைன்ஸ் அந்த வீட்டு மேல 200 ரவுண்டுக்கு மேல சுட்டுட்டாங்க. உள்ள குழந்தைங்க வேற. நல்ல வேளை யார் மேலயும் படல

[காலை 7:21] வள்ளி அத்தை: அடக் கடவுளே

[காலை 7:26] சுபேதார் பெரியப்பா: அந்தப் பசங்க மேல தப்பு இல்ல. சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சாங்க

[காலை 7:33] சுபேதார் பெரியப்பா: வடக்க ஒரு ஊர்ல கர்ஃப்யூ டியூட்டி போட்டாங்க எங்களுக்கு. கலெக்டர் எழுதிக் கேட்டாத்தான் யூனிட் கேட்டைத் தாண்டும். கூடவே ஒரு மாஜிஸ்திரேட் வருவார். குட்டையா, குடையோட. வெயில்ல எங்க கம்பெனி கமாண்டர் பக்கத்துலயே நிப்பார். கூட்டத்தைக் கலைக்கணும்னு அவர் சொல்லணும், எப்படிக் கலைக்கறதுன்னு எங்க ஆபீசர் சொல்லுவார். ஆறாம் நாள் போலீஸ்கிட்ட ஒப்படைச்சுட்டு லாரி ஏறிட்டோம். அந்த ஆறு நாளே ஒரு சனமும் எங்க முகத்தைப் பார்க்காது. சொந்த நாட்டு சனம். எல்லையில குளிர்ல நின்னப்போ கூட எனக்கு அவ்ளோ கஷ்டமா இல்ல

[காலை 7:35] செந்தில் மாமா: இதை இதுவரைக்கும் சொன்னதே இல்லையே அண்ணே

[காலை 7:35] சுபேதார் பெரியப்பா: நீ கேண்டீன் கோட்டா தவிர வேற இன்னா கேட்டிருக்க

[காலை 7:36] அருண்: 🙈

[காலை 7:41] வள்ளி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) *அமெரிக்கா பாணியில் நம் ஊரிலும் ராணுவம் வேண்டும்! ஒரே நாளில் ரவுடிகள் ஒழிவார்கள்! 10 பேருக்கு அனுப்புங்கள்* 🇮🇳🙏

[காலை 7:42] அருண்: அத்தை!!

[காலை 7:43] வள்ளி அத்தை: கை பட்டுடுச்சு பா

28 நவம்பர் 2025, வெள்ளி

[காலை 5:48] கவிதா: சுடப்பட்ட ரெண்டு பேர்ல அந்தப் பொண்ணு போயிடுச்சு பெரியப்பா. ஜனாதிபதியே சொல்லிட்டார். 20 வயசு

[காலை 5:50] கவிதா: இன்னொரு பையன் இன்னும் ஆபத்தான நிலையிலதான். சுட்டதாப் புடிபட்டவன் நாட்டோட அந்தக் கோடியில இருக்கற வாஷிங்டன் மாநிலத்துல இருந்து கார் ஓட்டிட்டு வந்தானாம்

[காலை 5:52] வள்ளி அத்தை: இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்

[காலை 5:53] வள்ளி அத்தை: ஐயோ அது தெரியாம காப்பி ஆயிடுச்சு. நேத்து அனுப்பினதைத்தான் அழிக்கப் பார்த்தேன். அருண் எப்படிடா எல்லாருக்கும் அழிக்கறது

[காலை 6:20] சுபேதார் பெரியப்பா: மாசத்துல ரெண்டு நாள் டியூட்டிக்குச் சேர்ந்த புள்ள. பண்டிகைக்கு முந்தின நாள் வீட்ல இருந்திருக்கணும்

[காலை 6:22] கவிதா: இன்னும் 500 பேரை அனுப்பச் சொல்லியிருக்காங்க

[காலை 6:23] சுபேதார் பெரியப்பா: எந்தத் தேதி வரைக்கும்? 30 நாள்னு சொன்னியே

[காலை 6:25] கவிதா: அது போலீசை எடுத்துக்கிட்ட கணக்கு, செப்டம்பரோட முடிஞ்சுது. பட்டாளத்துக்கு நவம்பர் கடைசின்னாங்க. இப்ப பிப்ரவரின்னு மாத்தியாச்சு

[காலை 6:40] சுபேதார் பெரியப்பா: திங்கக்கிழமை ஆபீஸ் போறியா?

[காலை 6:41] கவிதா: போகணும் பெரியப்பா

[காலை 6:41] சுபேதார் பெரியப்பா: ஒரு ஸ்டேஷன் முன்னாடி இறங்கி நட