டிஃபெண்டர் ஆடினதா, சும்மா பட்டதா?
அண்ணாச்சிமாரே, லைன்ல கொடி பிடிச்சவங்க ஒரு யோசனை சொல்லுங்க. பாளையங்கோட்டைப் பக்கம் ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் மேட்ச். செம்மண் கிரவுண்டு, வீடியோ கிடையாது.

ஆஃப்சைடு இடத்துல (பந்தையும் எதிரணியோட கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி, அவங்க கோல் பக்கமா) நிக்கிறவனுக்குப் போற பந்து நடுவுல டிஃபெண்டர் கால்ல பட்டுத் திரும்புனா கொடியா, இல்லையா? ஃபுட்பால் விதி எழுதுற IFAB-ஓட 2022 விளக்கப்படி பாக்க வேண்டியது: பந்து தூரத்துல இருந்து வந்துச்சா, தெளிவாத் தெரிஞ்சுதா, வேகம் கம்மியா, உடம்பைத் திருப்ப நேரம் இருந்துச்சா. இருந்தா அவனே ஆடின கணக்கு, ஆஃப்சைடு இல்ல. கோலுக்குப் போறதைத் தடுத்தா அந்தக் கணக்குல சேராது.

சிக்கல், கல்லுல பட்டுக் கடைசி நேரத்துல எகிறுற பந்துதான். எதிர்பாராத திசை, அதனால 'சும்மா பட்டது', கொடிதான்னு நான் எடுப்பேன். நடு ரெஃப்ரி 'ஆடினது'ம்பார். காதுல மைக்கும் இல்லல்லா. இதுக்குன்னு மேட்சுக்கு முன்ன என்ன சைகை பேசி வச்சுக்கிடுதீய?