நிலத்தடி நீர் பார்க்கும் நண்பர்களே, துளை போட நாம் குறித்துக் கொடுக்கும் இடங்களில் (பாயிண்ட்), தண்ணீர் பார்க்கப் போன இடங்களில், இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று உங்களுக்கும் இருக்கிறதா?

கருங்கல்:
பல்லடம் பக்கம், 2012 ஏப்ரல். மண்ணுக்குள் மின்சாரம் விட்டு அதன் தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டர், நாலு கம்பி, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மண் காய்ந்து கிடந்ததால் கம்பி அடித்த இடத்தில் உப்புத்தண்ணீர் ஊற்றித்தான் ரீடிங்கே எடுத்தோம். கிராஃப் ஓரிடத்தில் லேசாக இறங்கியது, பாறையில் தண்ணீர் ஓடும் வெடிப்பு என்று நினைத்து பாயிண்ட் கொடுத்தேன். 720 அடி வரைக்கும் தண்ணீர் இல்லை, கல்தூள் புகைதான். பக்கத்தில் கட்டியிருந்த மாட்டின் முதுகெல்லாம் கல்மாவு. போர் வண்டி கிளம்பும்வரை நிலத்துக்குச் சொந்தக்கார அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தண்ணீரும் லாரியில் விலைக்கு வாங்கியது.

போர்_பாயிண்ட்:
லேசாக இறங்கினால் வெடிப்பு என்று யார் சொல்லிக் கொடுத்தது? விரல் அகல வெடிப்பு 500 அடியில் இருந்தால் மேலே இருந்து தெரியவே தெரியாது சார், நமக்குத் தெரிவது மக்கிய பாறையின் கனம், அதுவும் உத்தேசமாக. முதலில் சாட்டிலைட் படத்தில் பாறை வெடிப்பைக் காட்டும் கோடு இருக்கிறதா பாருங்கள். பக்கத்து நிலத்தில் எத்தனை அடியில் ஈரம் தட்டியது என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள், குறுக்கே இன்னொரு லைனில் ரீடிங் எடுங்கள், இரும்புக் குழாயோ கம்பி வேலியோ பக்கத்தில் இருந்தால் அந்த ரீடிங்கைத் தூக்கிப் போடுங்கள். அப்புறம் ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும், அதை முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். என் கதையா? தர்மபுரி பக்கம், நல்ல தண்ணீர், டெஸ்ட் பண்ணினால் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்தது. குடிக்காதீர்கள் என்றேன். குடித்தார்கள்.

வெந்நீர்:
லடாக், புகா பள்ளத்தாக்கு. 4,400 மீட்டர் உயரம், ஊற்று 84 டிகிரி வரை சூடு. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே கிட்டத்தட்ட அவ்வளவில்தான், அரிசியைத் துணியில் கட்டிப் போட்டுப் பார்த்தோம், சோறாகவில்லை. பூமிச் சூட்டை எடுத்துப் பயன்படுத்த முடியுமா என்று 1970களிலேயே துளை போட்டுப் பார்த்த இடம். வெண்காரம் பூத்த தரையில் உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் சாங்பா பாட்டி ஒருவர் வந்து நின்றார், எங்கள் டிரைவர் வழியாகக் கேட்டார்: "கீழே இருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போனால் இது ஆறிப் போகுமா?" நியூசிலாந்தில் பூமிச் சூட்டில் ஓடும் வைரக்கே மின்நிலையம் 1958இல் ஓடத் தொடங்கிய பிறகு பக்கத்தில் வெந்நீர் பீச்சிக்கொண்டிருந்த ஊற்றுகள் (கீசர்கள்) அடங்கிப்போனதைப் படித்திருக்கிறேன். எடுத்த தண்ணீரைத் திரும்ப உள்ளே விடலாம் என்பதும் தெரியும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கருங்கல்:
போர்_பாயிண்ட், 400 அடியிலேயே நிறுத்தச் சொன்னேன், அந்த அம்மாவின் மகன்தான் கேட்கவில்லை. அதே நிலத்தில் கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் சொன்ன இடத்திலும் புகைதான் வந்தது. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

வெந்நீர், கடைசியில் என்ன பதில் சொன்னீர்கள்?

வெந்நீர்:
ஒன்றும் சொல்லவில்லை. டிரைவராகவே ஏதோ சொன்னார், பாட்டி சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.