இளவரசன் ஏன் குள்ளமானான்? பழைய டாஸ் கேம்களின் படமும் சத்தமும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காசிமேடு காற்று

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். தொண்ணூறுகளில் வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். லோட்டஸ் என்ற கணக்கு அட்டவணை சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளப் போனவர், சார் சாப்பிடப் போகும் நேரத்தில் ஃப்ளாப்பியைப் போட்டு பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற இளவரசன் கேம் ஆடுவார். பக்கத்து ஸ்டூலில் நான்.

அதையே டாஸ்பாக்ஸில் (விண்டோஸுக்கு முந்திய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டர் சாஃப்ட்வேர்) போட்டு, இப்போதுள்ள அகல மானிட்டரில் காட்டினேன். முதல் அறை தாண்டுவதற்குள், "என்னடா இவன் இவ்ளோ குள்ளமா இருக்கான்? நம்ம ஆளு நெடுநெடுன்னு இருப்பானே" என்றார். வயசாகிவிட்டது, ஞாபகம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் போனதும் பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து மானிட்டர் மேல் வைத்து அளந்தேன். படத்தின் அகலம் 24 செ.மீ., உயரம் 15 செ.மீ.

அங்கேதான் விஷயம். அந்தக் கேம்கள் 320-க்கு 200 புள்ளி. அன்றைய டப்பா மானிட்டரோ 4-க்கு 3 வடிவம். 200 வரியையும் அது திரை முழுக்க இழுத்துக் காட்டியதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்கு இருந்தது. வரைந்தவர்களும் அப்படிப்பட்ட திரையைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இன்றைய எல்சிடியில் புள்ளி சதுரம். எனவே 24 செ.மீ. அகலத்துக்கு 18 வர வேண்டிய உயரம் 15 ஆகிவிட்டது. இளவரசன் ஆறில் ஒரு பங்கு உயரத்தை இழந்திருக்கிறான். அண்ணன் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

டாஸ்பாக்ஸ் 0.74-ன் கான்ஃபிக் ஃபைலில் ரெண்டர் பகுதியில் ஆஸ்பெக்ட் என்று ஒரு வரி. அது ஃபால்ஸ் என்று இருக்கும், ட்ரூ ஆக்குங்கள். அவுட்புட்டை ஓபன்ஜிஎல் என்று மாற்றுங்கள். 1080 வரி மானிட்டரில் படம் 1440 அகலத்தில் நடுவில் நிற்கும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டையைப் பார்த்து மனம் கேட்காமல் இழுத்து நிரப்பிவிடாதீர்கள். என் ஆபீஸில் ஓரம்கட்டிய பழைய 1600-க்கு 1200 எல்சிடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். குறுக்கே சரியாக 5 மடங்கு, நெடுக்கே சரியாக 6 மடங்கு. ஒரு புள்ளி தடிமன், ஒரு புள்ளி மெலிசு என்ற பேச்சே இல்லை.

சத்தத்திலும் அண்ணன் ஒன்று சொன்னார். டாஸ்பாக்ஸ் தானாகவே சவுண்ட் ப்ளாஸ்டர் 16 என்ற சவுண்ட் கார்டு இருப்பதாகக் காட்டிக்கொள்ளும். அதனால் முகப்பு இசை நன்றாகவே வந்தது. அவரோ, "இது நம்ம சத்தம் இல்லையே" என்றார். சென்டர் மெஷினில் சவுண்ட் கார்டே கிடையாது, பெட்டிக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கர்தான். கான்ஃபிக் ஃபைலில் சவுண்ட் கார்டைக் குறிக்கும் எஸ்பி டைப், அதன் இசை சிப்பைக் குறிக்கும் ஓபிஎல் மோட் இரண்டையும் நன் (none, அதாவது இல்லை) என்று மாற்றினேன். கேம், சவுண்ட் கார்டைத் தேடும், கிடைக்காது, பெட்டிக்குள் உள்ள பீப் ஸ்பீக்கருக்குப் போய்விடும். கதவு ஏறும்போது அந்தக் கிறுகிறு சத்தம் வந்ததும் எனக்கு அந்த மாடிப்படியே கண்ணில் நின்றது.

படம், சத்தம் இரண்டிலும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பெரம்பூர் கீபோர்டு

அண்ணா, சத்தத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகணும். பதினெட்டு வருஷமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். டூம் கேமை முதலில் ஓபிஎல் சத்தத்தில்தான் கேட்டேன். அது பழைய சவுண்ட் கார்டில் இருந்த யமஹா எஃப்எம் சிப், கிடார் என்றாலும் தகரத்தில் கம்பி கட்டி மீட்டின மாதிரி இருக்கும். அதிலும் ஒரு அழகு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வருஷம் டாஸ்பாக்ஸின் புதிய வடிவமான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் போட்டேன். அதில் மிடியை (எந்த வாத்தியம், எந்தச் சுரம் என்ற குறிப்பு) வாசித்துக் காட்டும் ஃப்ளூயிட்சிந்த் உள்ளேயே இருக்கிறது. வாத்திய ஒலிகள் அடங்கிய நல்ல சவுண்ட்ஃபான்ட் ஒன்றை இறக்கி, மிடி டிவைஸை அதற்குத் திருப்பி, கேமின் செட்டப்பில் ஜெனரல் மிடி, போர்ட் 330 என்று கொடுத்தேன். முதல் லெவல் இசை தொடங்கியதும் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. 1991-ல் ஜெனரல் மிடி வந்த பிறகு எந்தக் கருவியிலும் 128 வாத்தியத்துக்கும் அதே நம்பர்தான். 1 என்றால் பியானோ, 57 என்றால் ட்ரம்பெட், 10-ஆவது சேனல் தாள வாத்தியம். மேடையில் தினமும் நான் தட்டும் அதே வரிசை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தேன். 1988-ல் வந்த கிங்ஸ் க்வெஸ்ட் 4-ஐயும் அதே சவுண்ட்ஃபான்டில் ஓட்டினேன். எந்த இடத்தில் எந்த வாத்தியம் வருகிறது என்றே புரியவில்லை. காரணம், அது ரோலண்ட் எம்டி-32-க்காக எழுதியது. 1987-ல் வந்த மிடி கருவி, அதன் வாத்திய வரிசையே வேறு. போதாததற்கு, அந்தக் காலக் கேம்கள் தங்கள் சொந்த ஒலிகளையும் கருவிக்குள் ஏற்றிவிடும். அதற்கு மன்ட் என்ற எமுலேட்டர்தான் வழி, கருவியின் ரோம் ஃபைல்கள் (அதன் சிப்பில் உள்ளதன் நகல்) வேண்டும். 1991-க்கு முந்திய கேமின் செட்டப்பில் ரோலண்ட் என்று இருந்தால் முதலில் எம்டி-32 என்றே சந்தேகப்படுங்கள்.

புளியந்தோப்பு மெக்கானிக்

எங்க கடையில் இன்னும் இரண்டு டப்பா மானிட்டர் உயிரோடு இருக்கு. எல்லாரும் இப்போ டப்பா மானிட்டர் மாதிரி காட்டும் சிஆர்டி ஃபில்டர் போட்டு, வரிக்கு வரி தடியா கறுப்புக்கோடு விட்டு, "இதுதான் பழைய லுக்"னு படம் போடறாங்க. டாஸ் கேமுக்கு அது தப்பு தம்பி. படத்தை உருவாக்கும் விஜிஏ கார்டு 200 வரியை ஒவ்வொன்றும் இரண்டு முறை போட்டு 400 ஆக்கித்தான் மானிட்டருக்கு அனுப்பும். அதனால் நடுவில் இடைவெளி தெரியவே தெரியாது. தடிக்கோடு தெரிஞ்சது டிவியில், கேசட் போடும் வீடியோ கேமில். ஞாபகத்தில் இரண்டையும் குழப்பிக்கறாங்க. ஸ்டேஜிங்கில் சிஆர்டி ஆட்டோ என்று ஒரு ஷேடர், அதாவது ஃபில்டர், இருக்கு. கேம் என்ன மோடில் ஓடுதுன்னு பார்த்து அதற்கேற்ற மாதிரி மாத்திக்கும். அதைப் போடுங்க.

இன்னொன்று, விஜிஏ அந்த மோடில் நொடிக்கு 70 தடவை படம் போடும். டூம் 35 ஃப்ரேம், சரிபாதி. 60-ல் ஓடும் எல்சிடியில் பெரும்பாலான ஃப்ரேம் இரண்டு தடவை நிற்கும், இடையிடையே சிலது ஒரு தடவைதான் நிற்கும். நடக்கும்போது லேசா உதறுதே என்று தோணினால் காரணம் அதுதான். மானிட்டர் 70 ஏற்றுக்கொண்டால் அதில் வையுங்க.

பழைய டப்பா மானிட்டர் கிடைச்சதுன்னு ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் ட்யூப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். என் அப்பா கையில் வாங்கின அடியை நான் கண்ணால் பார்த்தவன்.

கொருக்குப்பேட்டை

எனக்குச் சத்தம் பொரிந்துகொண்டே இருந்தது, கடுகு தாளிக்கிற மாதிரி. ஸ்பீக்கர் போச்சு என்று ஒயரை எல்லாம் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் எமுலேட்டரின் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸை மேக்ஸில் வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ காலத்து லேப்டாப், பாவம், முழு பலத்தையும் அதிலேயே கொட்டிவிட்டு சத்தத்துக்கு நேரமில்லாமல் திணறியிருக்கிறது. கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தி அழுத்திக் குறைத்தேன், ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மிக்ஸர் பகுதியில், சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ப்ரீபஃபரையும் கொஞ்சம் ஏற்றினேன். ரொம்ப ஏற்றினால் வாள் பட்டு சற்றுத் தாமதமாகச் சத்தம் வருகிறது, அதனால் பார்த்து.

காசிமேடு காற்று

மெக்கானிக் அண்ணே, ஃபில்டரை மாற்றிவிட்டேன். நான் போட்டிருந்ததும் அந்தத் தடிக்கோடுதான். கொருக்குப்பேட்டை, உங்களுக்கு சைக்கிள்ஸ். எனக்கும் பொரிந்தது, காரணம் வேறு. எங்கள் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்றில் ஸ்பீக்கர் ஜாக் பச்சை பூத்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் தெளிந்தது. ஆக, எமுலேட்டரை நோண்டும் முன் ஜாக்கை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.

போன ஞாயிறு அண்ணனை மறுபடி வரச்சொன்னேன். 1600-க்கு 1200 மானிட்டர், பீப் ஸ்பீக்கர். ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேம் தரும் 60 நிமிஷத்தில் 23 போயிருந்தது, ஐந்தாவது லெவலில் நின்றார். எழுந்து கையை உதறிக்கொண்டு, "சார் சாப்பிட்டு வந்துடுவாரு, நீ ஆடு" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.